பன்னிரண்டாவது சிரட்டை

நாலாம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். பத்தொன்பது பேரும் புதையல் கிடைக்கப் போகிறது என்று நம்பித்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் வந்தார்கள். காளிச்சாமி ஒரு கோணிச்சாக்கே கொண்டுவந்திருந்தான்.

"சாக்கு எதுக்குடா?" என்றார் வாத்தியார் கபிரியேல் மாஷ்.

"தங்கம் வந்தா அள்ளறதுக்குங்க மாஷே."

"தங்கத்தை யாரும் மறந்து விட்டுட்டுப் போக மாட்டாங்க. உடைஞ்ச சட்டி, தின்னு போட்ட எலும்பு, குப்பை, இதுதான் கிடைக்கும். குப்பை பொய் சொல்லாது. சாக்கை மடிச்சுப் போட்டு அது மேல உட்காரு."

அது 1974ஆம் வருஷம். பெருமாட்டிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது அந்தச் சின்னப் பள்ளிக்கூடம். மாஷ் அங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. விடுமுறையில் எங்கேயோ பழங்காலத்து ஊரைத் தோண்டுகிற இடத்துக்குப் போய், பத்து நாள் மண்கூடை சுமந்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பைத்தியம் இப்போது பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது.

கிணற்றுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். கட்டத்துக்கு இரண்டு பேர். மண்வெட்டி கூடாது. ஆளுக்கு ஒரு கரண்டி, ஒரு பழைய பிரஷ்.

"மேல் மண் நேத்தைய கதை. கீழே போகப் போகப் பழைய கதை. எது கிடைச்சாலும் ஒரு சீட்டு எழுதணும். பொருள், கிடைத்த இடம், ஆழம், காலம். நாலும் எழுதணும்."

ராசம்மாளும் வேலுத்தாயும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருவரும் ஒரே பெஞ்சு. கணக்கில் ராசம்மாள் தடுமாறினால் வேலுத்தாய் சிலேட்டைச் சாய்த்துக் காட்டுவாள். பதிலுக்கு ராசம்மாள் தோப்பிலிருந்து மாங்காய் கொண்டுவருவாள்.

வேலுத்தாயின் அம்மா மூக்கம்மாள், ராசம்மாள் வீட்டில்தான் மாட்டு வேலை செய்தாள். அந்த வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் அவளை மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலுத்தாய் அம்மாவோடு வந்தாலும் மாட்டுக் கொட்டகை வரைக்கும்தான். ராசம்மாள் காலனிப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. ஏன் என்று அவள் யோசித்ததும் இல்லை. யோசிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

முதல் நாள் சாக்பீஸ் துண்டும் கடலைத் தோலும் வந்தன. காளிச்சாமிக்கு ஒரு மண்புழு கிடைத்தது. அதற்கும் சீட்டு எழுதி, காலம் 'இன்றைக்கு' என்று போட்டான். இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, உடைந்த ஓடும் சுண்ணாம்பும் வந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றிய காலம் அது என்று மாஷ் கண்டுபிடித்தார்.

அதற்கும் கீழே ராசம்மாளின் கரண்டி எதிலோ டொக்கென்று முட்டியது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். பிரஷால் மண்ணைத் தள்ளத் தள்ள, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தேங்காய்ச் சிரட்டைகள் தெரிந்தன. பதினொன்று. விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் கீறியிருந்தது. ஒன்றில் பெருக்கல் குறி, ஒன்றில் வட்டம், ஒன்றில் ஆறு இதழ் வைத்த ஒரு பூ.

மாஷ் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னவாயிருக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க."

"சோறாக்கி விளையாடுனதுங்க."

"கரி பிடிக்கவே இல்லையே."

"அகப்பை செய்யற கடைங்க மாஷே."

"அப்புறம் எதுக்குத் தனித்தனியா அடையாளம்?"

வேலுத்தாய் பூப் போட்ட சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராசம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக, வகுப்பிலேயே அவளுக்கு மட்டும் தெரிந்த விடை.

"நாஞ் சொல்றனுங்க மாஷே. எங்க ஊட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க. கொட்டகைக் கூரையில சொருகி வெச்சிருக்குது. மூக்கிக்குத் தண்ணி ஊத்தறதுக்கு. காலனி ஆளுங்க குடிக்கற சிரட்டைங்க இது."

சொல்லிவிட்டு, 'சபாஷ்' வரும் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

 மாஷின் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது. பதினொரு சிரட்டைகளையும், பின்னால் இருந்த பள்ளிக்கூடக் கிணற்றையும் பார்த்தார். "பெல் அடிச்சாச்சு. எல்லாரும் போங்க," என்றார். பெல் அடிக்கவே இல்லை.

வேலுத்தாய் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. பிறகு வகுப்புக்குள் போய் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ராசம்மாளுக்கு உறைத்தது. மூக்கி. அவள் சொன்னது வேலுத்தாயின் அம்மாவை. வேலுத்தாய்க்கு எதிரிலேயே.

காது சுட்டது. கழுத்து சுட்டது. மத்தியானம் தூக்குப் போசியைத் திறந்தாள், சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனாள். கூரையில் செருகியிருந்த சிரட்டையை இழுத்து வைக்கோல் போருக்குள் முழங்கை ஆழத்துக்குத் திணித்தாள். இனி அது இல்லை. இல்லாததற்கு எதற்கு வெட்கப்பட வேண்டும்? அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. உச்சி வெயில். மூக்கம்மாள் சாணி அள்ளி முடித்துவிட்டுக் கூரையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சிரட்டையக் காணோமுங்க."

ராசம்மாளின் அம்மா மருதாத்தாள் சொம்போடு வந்தாள். "எலி உருட்டியிருக்கும். கையை ஏந்து."

மூக்கம்மாள் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அம்மா சொம்பை உயரத் தூக்கி ஊற்றினாள். பாதித் தண்ணீர் வாய்க்குப் போயிற்று. மீதி முழங்கை வழியாக ஒழுகிச் சேலையை நனைத்தது. மூக்கம்மாள் ஈரக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கொட்டகை நிழலில் உட்கார்ந்தாள். தாகம் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

சமையலறை வாசலில் நின்று ராசம்மாள் பார்த்தாள். சிரட்டை இருந்தபோது கேவலம். சிரட்டையை ஒளித்ததில் அதைவிடக் கேவலம். அவளால் வந்தது.

உள்ளே போனாள். அலமாரியில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. மாமா வாங்கித் தந்தது. வயிற்றில் புள்ளி புள்ளியாக 'ராசம்மாள்' என்று பேர் வெட்டியிருக்கும். அதில் வேறு யார் குடித்தாலும் அவள் சண்டைக்குப் போவாள். அதை எடுத்து நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு கொட்டகைக்கு நடந்தாள்.

"குடிங்க," என்றாள். பிறகு, நாக்குக்குப் பழகாத அந்தச் சொல்லைச் சேர்த்தாள். "மூக்கம்மாக்கா."

மூக்கம்மாள் டம்ளரைப் பார்த்தாள். வீட்டு வாசலைப் பார்த்தாள். "வேண்டாம் அம்மிணி. உங்களத்தான் அடிப்பாங்க."

"அடிச்சா அடிக்கட்டும். கை வலிக்குது, வாங்கிக்குங்க."

மூக்கம்மாள் வாங்கிக்கொண்டாள். பெருவிரலால் அந்தப் புள்ளிகளைத் தடவினாள். "ரா... ச... ம்... நானும் ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் உங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கனுங்க அம்மிணி. அங்க நான் தண்ணி குடிக்கற சிரட்டையில பேரு வெட்டத் தெரியாம ஒரு பூப் போட்டு வெச்சிருந்தேன். மாறிப் போயிரக் கூடாதுல்ல."

பிறகு டம்ளரை வாயில் வைத்து, ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஏம்புள்ள." அம்மாவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. "அது உன்ற டம்ளரு."

"ஆமாங்கம்மா."

"இனி அதுல யாரு குடிக்கறது?"

ராசம்மாள் டம்ளரை வாங்கினாள். அம்மாவின் கையிலிருந்த சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டாள்.  குடித்துக் காட்டினாள்.

"நானுங்க," என்றாள்.

அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "உங்கப்பன் வரட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்பா வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். ஆனால் பழைய இடத்தில்தான் கவிழ்த்தாள்.

திங்கட்கிழமை ராசம்மாள் பையில் எதையோ கொண்டுவந்து, மாஷின் மேசைமேல் பதினொரு சிரட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். வைக்கோல் ஒட்டியிருந்தது.

"பன்னெண்டாவதுங்க மாஷே. எங்க ஊட்டுது."

மாஷ் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "எழுது."

ராசம்மாள் சீட்டோடு பெஞ்சின் மறுகோடிக்குப் போனாள். வேலுத்தாய் நகரவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

"அன்னிக்கு நாஞ் சொன்னது தப்பு," என்றாள் ராசம்மாள்.

"எது? பேரா, சிரட்டையா?"

"ரெண்டுந்தான்."

வேலுத்தாய் சன்னல் பக்கம் பார்த்தாள்.

"அந்தப் பூப் போட்டது உங்கம்மாளுதாம். அவங்களே சொன்னாங்க."

"எனக்குத் தோண்டுன அன்னிக்கே தெரியும்."

"எப்படி?"

"எங்க வாசல்ல தெனமும் அதே ஆறு எதழ் பூவுதான் கோலம் போடுவாங்க. நீ வந்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

ராசம்மாளுக்கு மறுபடியும் காது சுட்டது.  குனிந்து எழுத ஆரம்பித்தாள். பொருள்: சிரட்டை. கிடைத்த இடம்: எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகை.

"ஆழம் என்னன்னு போடறது?" என்று கேட்டாள், பாதி தனக்குத்தானே.

"ஆழமே இல்லையே," என்றாள் வேலுத்தாய். "மண்ணுக்கு மேலதான இருந்துச்சு."

ஆழம்: இல்லை.

"மறுபடியும் வேற ஒண்ணு சொருகிட்டாங்கன்னா?"

"அதையும் எடுத்துட்டு வந்து சீட்டு எழுதுவேன்."

வேலுத்தாய் யோசித்தாள். பிறகு ராசம்மாளின் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, முனையை நாக்கில் தொட்டு, காலம் என்ற இடத்துக்கு எதிரே தன் முத்து முத்தான எழுத்தில் எழுதினாள்: 'சனிக்கிழமை வரை.'

"அன்னிக்குத்தான் டம்ளருல குடிச்சேன்னு எங்கம்மா சொன்னாங்க. பென்சில்லதான் எழுதியிருக்கேன்," என்றாள். "பொய்யாப் போச்சுன்னா அழிச்சுருவேன்."

நாலாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அந்த எழுத்து அழியவே இல்லை.