ஆடும் கால்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. நாகரத்தினம் குடையை மகள் சுனிதாவிடம் கொடுத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மழைக்காலத்துத் தாகேதாப் பேட்டையில் சந்து எது, சாக்கடை எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அண்ணன் சொக்கனின் வீடு சந்துக் கோடியில் மரக்கால்களின்மேல் நின்றது. அவன் செத்துக் கருமாதியும் முடிந்துவிட்டது. சாமான்களை ஒழித்துக் கட்டிப் பூட்டிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்கள்.

நாகரத்தினம் இன்னும் அழவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட ஈறு மாதிரி, நெஞ்சுக்குள் ஓர் இடம் தொட்டாலும் தெரியாமல் கிடந்தது.

பக்கத்து வீட்டு டோ சீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பர்மியத்தில் கேட்டாள்.

“உள்ளே யாராவது தங்கியிருக்கீங்களா? பலகை அதிருதே.”

“யாரும் இல்லையே.”

“அப்போ எலியா இருக்கும்.”

எலிக்கு அவ்வளவு கனமான கால் கிடையாது என்பது டோ சீனுக்கும் தெரியும். இழவு கண்டவளிடம் வேறு என்னத்தைச் சொல்வாள், பாவம்.

உள்ளே கரண்ட் இல்லை. நமுத்துப்போன கற்பூரமும் மஞ்சளும் மணத்தன. வாடிய எலுமிச்சம்பழங்கள் மூலையில் கிடந்தன.

சொக்கன் சாமியாடி. அவன் அப்பா சுப்பிரமணியமும் சாமியாடி, அவருடைய அக்காவும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் நாற்பது வயதை ஒட்டிச் சிலருக்கு உடம்பு தானாக ஆடத் தொடங்கும். தோள் குலுங்கும், விரல் சுண்டும், கால் தரையைத் தட்டும். அம்மன் இறங்கிவிட்டாள் என்று ஜனங்கள் பழம் தேங்காயோடு வந்து குறி கேட்பார்கள். கொஞ்ச காலம் போனால் சோறு தொண்டையில் இறங்காமல் புரையேறும். அம்மன் விரதம் கேட்கிறாள் என்பார்கள். அன்றிலிருந்து பாலும் மஞ்சள் தண்ணீரும்தான். சொக்கன் சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டிருப்பான். என்ன வைராக்கியம் என்று வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பானையை மூடி வைப்பது நாகரத்தினத்தின் வேலை. கடைசியில் சொக்கனைத் தூக்க ஓர் ஆளே போதுமாக இருந்தது.

டாக்டர் ஜோஸ் அவனைப் பார்த்தது ரொம்பப் பிந்தித்தான். போட்டாதாங்கில் கிளினிக் வைத்திருப்பவர், மூளை நரம்பு வைத்தியத்துக்கு சிங்கப்பூரில் படித்தவர். கட்டிலில் ஆடிக்கொண்டிருந்தவனை நின்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“இது சாமி இல்லக்கா, நோய். ஒரே ஒரு ஜீன்ல பிழை. அதனால மூளையில ஒரு பாகம் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுபோகுது. அப்பாகிட்டேருந்து அண்ணனுக்கு வந்திருக்கு. உங்களுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி.”

“மருந்து?”

“இப்போ இல்ல. ஆனா வெளிநாட்டுல எலிங்களுக்கு அந்த ஜீனை அடக்கிப் பார்த்திருக்காங்க, ஆட்டம் குறையுது. நாளைக்கு ஜீனையே திருத்துற காலம் வரும்க்கா.”

அப்போதும் நாகரத்தினம் சோதனைக்கு ரத்தம் கொடுக்கவில்லை. கருமாதியன்று இந்த வீட்டில் உட்கார்ந்திருந்த சுனிதாவின் வலது கால் தானாகத் தட்டத் தொடங்கியது. பதினாறு வயதுப் பெண். மறுநாளே நாகரத்தினம் கிளினிக்கில் போய்க் கையை நீட்டினாள். ரத்தம் சிங்கப்பூர் போனது. இன்று முடிவை நேரில் வந்து சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் அடுக்களையில் தட்டுமுட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

தொப்.

தொப்.

பிறகு ஓர் இழுப்பு.

ஓடிப்போய்ப் பார்த்தாள். சுனிதா பலகையில் உட்கார்ந்து, தன் காலையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“நான் செய்யல அமே,” என்று அம்மாவிடம் பர்மியத்தில் சொன்னாள். “அதுவா செய்யுது.”

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஜோஸ் நனைந்த குடையோடு படியேறி வந்தார். முகமே மலர்ந்திருந்தது.

“உங்களுக்கு இல்லக்கா. சுத்தமா இல்ல.”

“புள்ளைக்கு?”

“உங்ககிட்ட இல்லாதது அவளுக்கு எப்படி வரும்?”

சுனிதாவை நாக்கை நீட்டச் சொன்னார், முழங்காலைச் சுத்தியலால் தட்டினார். துக்கத்தில் வரும் நடுக்கம், சரியாகிவிடும் என்றார். படியிறங்கும்போது அவருக்கே தாங்காமல் ஒன்றைச் சொன்னார்.

“ஓயாம ஆடுற உடம்புக்கு ரெண்டாள் சாப்பாடு வேணும்க்கா. அண்ணனுக்குக் குழைச்சு ஊட்டியிருந்தா இன்னும் கொஞ்ச காலம்…”

முடிக்காமல் போய்விட்டார்.

நாகரத்தினம் சந்தோஷத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மழை மட்டும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நோயென்றால் டாக்டர் உண்டு, எலிகள் உண்டு, என்றைக்காவது மருந்தும் உண்டு. நோய் இல்லையென்றால் பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

தொப்.

தொப்.

சுனிதாவின் தலை ஒரு பக்கத் தோளில் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது.

“நாகு.”

அப்படிக் கூப்பிட உலகத்தில் இருந்தது அண்ணன் ஒருவன்தான். சுனிதாவுக்குத் தெரிந்த தமிழோ ‘வா’, ‘போ’, ‘தண்ணி’, அவ்வளவே.

“பசிக்குதுடி நாகு. பானைய ஏன் மூடுற?”

நாகரத்தினம் எழுந்து போய்க் கரியடுப்பைப் பற்றவைத்தாள். மூட்டைகட்டிய பானையை அவிழ்த்து எடுத்து அரிசி களைந்து போட்டாள். சோற்றைக் குழையவிட்டு, உப்புப் போட்டுப் பிசைந்து, ஆறவைத்து, வாய்வாயாக ஊட்டினாள். ஒரு தடவைகூடப் புரையேறவில்லை. ஒரு பெண்பிள்ளை சாப்பிடும் சாப்பாடா அது! பானை காலியாகும்வரை வாய் திறந்தபடியே இருந்தது.

“மன்னிச்சிடுண்ணே,” என்றாள். அப்போதுதான் முதல் சொட்டுக் கண்ணீர் வந்தது.

கால் மெதுவாக நின்றது.

சுனிதா தூக்கத்திலிருந்து விழித்தவளைப் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இப்போது அது அவளுடைய குரல்தான், அவளுடைய பர்மியம்தான். நாகரத்தினத்துக்கு உயிர் வந்தது.

“அமே, வீட்டுக்குப் போகலாமா? காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல. வயிறு ஒட்டிப்போச்சு.”

நாகரத்தினம் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முதுகோடு ஒட்டித்தான் கிடந்தது. கையைப் பிடித்து எழுப்பி, இழுக்காத குறையாக வாசலுக்குக் கொண்டுபோனாள். நிலைப்படி தாண்டுமுன் பெண் நின்றுவிட்டாள்.

தொப்.

இந்தத் தடவை இடது கால். தட்டும் கனமும் வேறு. அப்பா இடது காலைத் தட்டித்தான் ஆடுவார்.

நாகரத்தினம் திரும்பி வந்து பானையைக் கழுவினாள். அப்பாவுக்குப் பிறகு அத்தையும் இருக்கிறாள்.