கடைசிக்கு அடுத்தது முதலாவது

தூத்துக்குடியில் மழை வந்தால் உப்பளக்காரர்கள் வானத்தைத் திட்டுவார்கள். அன்று துறைமுகச் சாலை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண், போனைக் காதில் வைத்தபடி, வானத்தை விட்டுவிட்டு வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"எவன்ளா அந்தப் புத்திசாலி? நல்லா இருந்ததை ஏன் மாத்துனான்? ரெண்டு விசையைச் சேர்த்து அமுக்குனா பக்கத்து ஃபோல்டருக்குத்தானே போகணும்? இவன் எங்கெங்கேயோ கொண்டு விடுதான்... அவன் மட்டும் கையில கிடைக்கட்டும் விக்டோரியா, விரலை ஒவ்வொண்ணா ஒடிச்சிருவேன்!"

பக்கத்தில் நின்ற பாண்டியராஜன் தன் விரல்களைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டான்.

அவள் பேசுவது 'அலமாரி'யைப் பற்றி. ஊரின் கப்பல் ஏஜென்சிகள் பலவற்றில் கோப்புகளை அடுக்கிவைக்கும் மென்பொருள் அது. மில்லர்புரத்தில் அப்பாவின் மளிகைக்கடைக்கு மேல், அரிசி மூட்டை வாசத்தில் உட்கார்ந்து அதை எழுதியவன் பாண்டியராஜன். தன் மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு மனிதப்பிறவியை என்றைக்காவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. பார்த்துவிட்டான். விரலை ஒடிக்கப் போகிறதாம்.

போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். அப்பப்பா... என்ன கண்கள்! மழைக்கு முந்திய கடல் மாதிரி கறுத்து, கனத்து... பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏங்க... கடைசியா எதைப் பார்த்தோமோ அதுக்குத் திரும்பப் போறதுதாங்க வேகம். ஆளுங்க ரெண்டு ஃபோல்டருக்கு நடுவுலதான் மாத்தி மாத்தி வேலை பாக்காங்க. வரிசையா ஒவ்வொண்ணையும் தாண்டிப் போறது பழைய முறை..."

"நீங்க யாரு?"

"அந்த விரலுக்குச் சொந்தக்காரன்."

அடிப்பாள் என்று நினைத்தான். அவள் அடிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கடல் நிறைந்து வழிந்தது... அடித்திருக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு.

"உங்க வேகத்தால இப்ப என்ன ஆச்சு தெரியுமா? செத்துப்போன மவனைத் தேடி ஒரு அப்பா பழைய துறைமுகத்துக்குப் போயிட்டாரு."

பஸ் வரவில்லை. ஆட்டோ வந்தது. அவன் கேட்காமலே ஏறிக்கொண்டான். அவள் தடுக்கவில்லை.

ஆட்டோவின் தார்ப்பாயில் மழை அடிக்க, அவள் சொன்னாள். பெயர் ஏஞ்சலின், கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. தோணி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். 'அலமாரி'யைத் திறந்தால் எல்லாம் மேலே டேப் டேப்பாக வரிசையில் நிற்கும். முதல் டேப் எப்போதும் 'ஸ்டெல்லா'. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போய், புயலில் சிக்கி, திரும்பி வராமலே போன தோணி. அதை ஓட்டிய தண்டல் ஜெரால்டு. அடுத்து வந்த தை மாதம் அவளுக்கும் அவனுக்கும் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். ஆளும் கிடைக்கவில்லை, பலகையும் கிடைக்கவில்லை.

"அந்த டேப்பை நான் மூடவே இல்ல. ஒவ்வொரு டேப்பா தாண்டிப் போய், கடைசி முடிஞ்சதும் திரும்ப முதல்ல இருந்து வரும்லா... வேலைக்கு நடுவுல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தரம் அவனைப் பாத்துக்கிடுவேன். அவ்வளவுதான். வேற எங்கன போய்ப் பாக்க? கல்லறையா இருக்கு?"

இன்று காலையிலும் பார்த்திருக்கிறாள். பிறகு, வந்த கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரைச் சுட்டியால் திறந்து, 'மிக்கேல்' தோணியில் ஏறும் வெங்காயத்துக்கான காகிதங்களை எடுத்தாள். அடுத்த டேப் 'மிக்கேல்'தான். கண் அச்சுப்பொறியில் இருக்க, விரல் பழக்கத்தில் ஒரு தட்டு தட்டி, காகிதங்களை அங்கே போட்டுவிட்டாள். நேற்று ராத்திரி புதுப்பித்த 'அலமாரி' அவளைப் பக்கத்து டேப்புக்குக் கொண்டுபோகவில்லை. கடைசியாக எதைப் பார்த்தாளோ அங்கே கொண்டுபோனது... 'ஸ்டெல்லா'வுக்கு.

மீதியை அவள் சொல்ல வேண்டியதில்லை. தோணி ஃபோல்டரில் சரக்குக் காகிதம் விழுந்தால் உரிமையாளரின் போனுக்குத் தானாகச் செய்தி போகும். அந்த வசதியைக் கண்டுபிடித்து, அப்பாவிடம் சொல்லி, "கெட்டிக்காரன்தான்லே" என்று பாராட்டும் வாங்கியவன் அவன்.

'உங்கள் தோணி ஸ்டெல்லாவுக்குச் சரக்கு தயார். துறைமுகத்துக்கு வரவும்.'

உரிமையாளர் பவுல். ஜெரால்டின் அப்பா.

பழைய துறைமுகத்தில் தோணிகள் நனைந்தபடி ஆடிக்கொண்டிருந்தன. சரக்கு ஏற்றுபவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். கரையோரம் ஒருவர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை. நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு பைக்கு மேல் இருந்தது.

"மாமா..." ஏஞ்சலின் ஓடினாள். "மாமா, தப்பா வந்துட்டு மாமா. என் கைத்தப்பு..."

"தெரியும் மக்கா." பவுல் திரும்பவில்லை. "மண்டைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலியே... அது பாட்டுக்கு வந்துட்டு."

"பையில என்ன மாமா?"

"சட்டைதான். நனைஞ்சு வருவான்லா."

பாண்டியராஜனுக்கு எப்போதும் ஏதாவது ஒரு நகைச்சுவை தோன்றும். சாவு வீட்டில்கூடத் தோன்றும், அதற்காக அடிவாங்கியும் இருக்கிறான். அன்று ஒன்றும் தோன்றவில்லை. பவுலின் பக்கத்தில் போய் நின்று, "அண்ணாச்சி, தப்பு அவங்களுது இல்ல, என்னுது" என்றான். பவுல் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும்தான் நனைஞ்சிருக்கிய தம்பி" என்று பையைத் திறந்து அந்தச் சட்டையை நீட்டினார். அவன் வாங்கவில்லை. வாங்கக் கை வரவில்லை.

அன்றைக்கே 'அலமாரி' பழைய வரிசைக்குத் திரும்பியது. இரண்டு முறைகளும் இருக்கும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அவன் மாற்றிவிட்டான். 'அலமாரி'யின் புகார்ப் பெட்டியில் ஏஞ்சலின் எழுதினாள்: "நன்றி. ஆனா முதல்ல எதுக்கு மாத்துனிய?"

அவன் நீளமாக, மென்பொருள் மொழியில், பெருமை குறையாமல் பதில் எழுதினான்.

"இது பதில் இல்ல" என்று வந்தது.

பிறகு எழுதினான். 'எங்க அம்மாவோட ஸ்கேன் படங்கள் ஒரு ஃபோல்டர்ல கிடக்கு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அனுப்புறதுக்காகத் திறந்து வச்சது. அம்மா போயிட்டா. டேப் அப்படியே இருக்கு. மூடவும் தைரியம் இல்ல, பாக்கவும் தைரியம் இல்ல. வரிசையில போனா ஒவ்வொரு சுத்துக்கும் அதைத் தாண்ட வேண்டியிருக்கு. கடைசியா பார்த்தது முதல்லன்னு வச்சா, பாக்காதது தானா பின்னால போயிரும்லா... என் கோழைத்தனத்தை ஊருக்கே புது வசதின்னு அனுப்பிட்டேன். மன்னிச்சிருங்க.'

மறுநாள் ஏஞ்சலினிடமிருந்து ஒரு புகார் வந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறதாம். பெரிதாக்கினான். ரொம்பப் பெரிதாக இருக்கிறதாம். 'அலமாரி' என்ற பெயர் பிடிக்கவில்லையாம். "வேற என்ன வைக்கலாம்?" என்றான். "குசினின்னு வைங்க. எங்க வீட்டுச் சமையக்கட்டு மாதிரி, எதைத் தேடினாலும் கிடைக்காது" என்று வந்தது. மூட்டை வாசத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தான். கீழேயிருந்து அப்பா, "ஏலே, மேல யாரு?" என்று கேட்டார்.

"ஏளா, கம்ப்ளைன்ட் பண்ணுதியா, கடலை போடுதியா?" ஏஜென்சியில் பக்கத்து மேசை விக்டோரியா கேட்டாள். ஏஞ்சலின் சிரித்துக்கொண்டே விரலைத் தட்டினாள். அடுத்த டேப்... 'ஸ்டெல்லா'. அதிலிருந்த படத்தில், தோணி முகப்பில் உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி ஜெரால்டு பார்த்தான். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. 'நான் எப்போது இவ்வளவு சிரித்தேன்? இவன் போன பிறகா?'

அதற்குப் பிறகு புகார் எதுவும் வரவில்லை. ஒரு பழுதுகூட இல்லாத மென்பொருளைப்போல் உலகத்தில் வெறுமையானது வேறில்லை என்று பாண்டியராஜனுக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தான். துறைமுகத்தில் நின்ற குடை ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

நவம்பரில் பவுல் போன் செய்தார். இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கும் ஆத்துமாக்களின் மாதம் அது.

"தம்பி, சனிக்கிழமை கோயில்ல ஜெரால்டுக்குப் பூசை. நீங்க வரணும்."

"நானா அண்ணாச்சி? நான் செஞ்ச வேலைக்கு..."

"அதுக்குத்தான் கூப்பிடுதேன். இத்தனை நாளும் நான் அந்தக் கரைப்பக்கமே போகல. போனா அவன் இல்லன்னு ஆயிரும்னு பயம். உங்க செய்தி வந்துச்சு, போனேன். நின்னு பாத்தேன். இல்ல தம்பி, வரல... அதான் பூசை வைக்கேன்."

சனிக்கிழமை அவன் கடைசி வரிசையில் நின்றான். எல்லோரும் முழந்தாளிட்டபோது நின்றான். எழுந்தபோது முழந்தாளிட்டான். முன்வரிசையில் கறுப்புச் சேலையில் ஏஞ்சலின் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சாமியார் ஜெரால்டின் பெயரைச் சொன்னார். பவுலின் தோள் குலுங்கியது. அவள் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடற்காற்று ஜன்னல்வழியாக வந்து மெழுகுவர்த்திகளைச் சாய்த்துப் பார்த்தது.

பூசை முடிந்து வாசலில் அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் வந்து நின்றாள். அழுது ஓய்ந்த கண்கள். மழை விட்ட மறுநாள் கடல்.

"ஒரு நாள் உங்க முறைக்கு மாத்திப் பாத்தேன்," என்றாள். "அன்னிக்கு முழுக்க அவனைத் திறக்காம வேலை பாத்தேன். சாயங்காலம் பாத்தா அவன் கடைசிக்குப் போயிட்டான். நான் தள்ளல... அவனாப் போயிட்டான்."

கிடைத்த ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் நிமிர்ந்தான்.

"முதல்ல எது இருந்துச்சுன்னு கேளுங்க."

"எது?"

"உங்க பதிலை எல்லாம் போட்டு வச்ச ஃபோல்டர். திறந்து திறந்து படிச்சிருக்கேன் போல. எனக்கே தெரியல. பயந்துட்டேன். உடனே பழையபடி மாத்திட்டேன். இப்ப அவன்தான் முதல்ல. நீங்க கடைசில."

"பரவாயில்லங்க. பள்ளிக்கூடத்துலயும் எனக்கு அந்த இடம்தான்."

"பேச விடுங்க!" அவள் குரல் உடைந்தது. "அதை எழுதுனவரு நீங்கதானே? சொல்லுங்க... வரிசையில கடைசிக்கு அடுத்தது எது?"

அவன் மெதுவாகச் சொன்னான். "முதலாவது."

"உங்ககிட்ட இருந்து ஒரு தட்டு தட்டுனா அவன்தான். எத்தனை வருசம் ஆனாலும் அந்த டேப்பை நான் மூட மாட்டேன். சில நாள் அங்கனயே நின்னுட்டு, உங்க பக்கம் வராமலும் போவேன். அவன் பக்கத்துல இருக்கதுக்கு... உங்களுக்குச் சம்மதமா?"

இதற்கு என்ன நகைச்சுவை சொல்வது? அவனிடம் ஒன்றும் இல்லை. நல்லவேளை.

"மூடாதிய," என்றான். "அன்னிக்கு மழையில உங்களைப் பாத்ததுல இருந்து எனக்கும் உங்களைத்தான்... அதை விடுங்க. எங்க அம்மா ஃபோல்டரை இழுத்து முதல்ல வச்சிருக்கேன். இன்னும் திறக்கல. திறக்கும்போது பக்கத்துல யாராவது இருந்தா..."

"இருக்கேன்," என்றாள்.

தூரத்தில் பவுல் பையோடு நின்றார். இன்று அதில் சட்டை இல்லை. பூசைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்து மீந்த வடையும் பழமும்தான் இருந்தன.

"ஏளா, அந்தத் தம்பியையும் சாப்பிடக் கூட்டிட்டு வா!"

தெரு குறுகல். பவுல் முன்னே நடந்தார். அவர்கள் பின்னே, சேர்ந்து.