வெந்நீர் வரிசை

“துரை, கொஞ்சம் சீக்கிரம் வாப்பா... எனக்கு நேரமாகுது.”

குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டும் கையுமாக மூத்த மருமகள் நின்றாள். உள்ளே கொழுந்தன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு ஒரே குளியலறை, ஹீட்டரில் அளவான வெந்நீர். யாருக்கு வருமானம் அதிகமோ அவர்தான் முதலில் என்பது மாமியார் போட்ட சட்டம். கொழுந்தனுக்கு அடுத்து பென்ஷன் வாங்கும் மாமியார், கடைசியில் இவள். பஸ் ஓட்டும் புருஷன் விடியுமுன்பே பச்சைத்தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவிடுவான். அவனுக்குச் சட்டமே கிடையாது.

துரை என்பது வீட்டார் கொழுந்தனுக்கு வைத்த பட்டப்பெயர். ஒரு முதலீட்டு நிறுவனத்தில், வசதியானவர்களின் பணத்தை எங்கே போட்டால் பெருகும் என்று சொல்கிற வேலை. அதற்குக் கிடைக்கும் சம்பளத்தைக் கேட்டால் தலை சுற்றும். அந்த நிறுவனம் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடியில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் காப்பகத்தில்தான் அவளுக்கும் வேலை. காலையில் கதவைத் திறக்கிற ஒரே சாவி அவள் கையில். அவன் காரில் போவான், அவள் பஸ்ஸில் போவாள். லிஃப்ட் வாசலில் எதிர்ப்பட்டால் அவன் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். அது அவளுக்கு வலிக்கும். வெளியே சொன்னதில்லை.

“இன்னைக்கு போனஸ் மீட்டிங் அண்ணி. என்னோட ஒரு நிமிஷம் என்ன விலை போகும் தெரியுமா?”

“இன்னொரு தடவை லேட்டா வந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு நிர்வாகி சொல்லியிருக்காருப்பா.”

மாமியார் குறுக்கே வந்தார். “சம்பாதிக்கிற புள்ளைய ஏன் அவசரப்படுத்துற? குழந்தைங்க மூக்கைத் துடைக்கப் போறவளுக்குக் குளியல் என்ன கேடு?”

“அப்படி என்னதான் செய்றான்னு இவனுக்கு இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறாங்க அத்தை?”

பாட்டு நின்றது. “பொறாமையா அண்ணி?”

அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது. தன் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து அவன் கல்லூரிக்குக் கட்டியவள் அவள். பொறாமையாம்... மற்ற நாளாக இருந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடியிருப்பாள். அன்று அவளுக்கும் வீம்பு வந்தது. முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். துரை காரில் கிளம்பி, மாமியாரும் ஆற அமரக் குளித்து முடித்தபின், மிச்சமிருந்த வெந்நீரில் சாவகாசமாகக் குளித்தாள்.

பஸ் ஏறியதும் வீம்பெல்லாம் கரைந்துவிட்டது. குழந்தைகள் வாசலில் நிற்குமே என்ற நினைப்பு வந்தது.

நின்றார்கள். குழந்தைகள் மட்டுமா? கோட்டும் சூட்டுமாக அவர்களைப் பெற்றவர்களும் நின்றார்கள். துரையின் மேலதிகாரி அம்மாள் இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டு கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு பிள்ளை துரையின் கையில். அது அவன் டையைச் சப்பியது போதாதென்று, புதுக் கோட்டில் பாலையும் கக்கிவிட்டு அழுதுகொண்டிருந்தது. போனஸ் மீட்டிங் முழுவதும் காப்பக வாசலுக்கு இறங்கி வந்திருந்தது.

நிர்வாகி பாய்ந்து வந்தார். “சாவியைக் குடுங்க. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்.”

அவள் சாவியை நீட்டினாள்.

“சார், ஒரு நிமிஷம்.” துரையின் குரல். “தப்பு என்னோடது. நான் குளியலறையை விடாம உட்கார்ந்திருந்தேன். இவங்க... இவங்க என் அண்ணி. தன் படிப்பை விட்டுட்டு என்னைப் படிக்க வெச்சவங்க.”

மேலதிகாரி கைபேசியை அணைத்தார். “உங்க அண்ணியா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே தம்பி. போன மாசம் நீங்க ஒரு வாரம் லீவு போட்டீங்க, யாருக்கும் தெரியலை. இவங்க ஒரு நாள் லேட்டு, நம்ம மாடியே காலி. போனஸை யாருக்குக் குடுக்கிறதுன்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

வாசலே சிரித்தது. துரைக்கும் அடக்க முடியவில்லை. நிர்வாகி மட்டும் சாவியைத் திருப்பி அவள் கையிலேயே வைத்துவிட்டு, நைசாக நகர்ந்தார்.

“மன்னிச்சிடுங்க அண்ணி,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

“போடா... குழந்தையை இப்படியா பிடிப்பாங்க?” என்று வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுகை நின்றது குழந்தைக்குத்தான். அவளுக்கு அப்போதுதான் தொடங்கியது. பாலும் கண்ணீருமாக அவன் அவள் தோளைக் கட்டிக்கொண்டான்.

அதனால் யார் சம்பளமும் மாறிவிடவில்லை. ஆனால் மறுநாள் காலை துண்டும் கையுமாகக் கடைசியில் நின்றவன் துரை. “யார் தாமதமானா ஊரே வாசல்ல நிக்குமோ, அவங்கதான் முதல்ல,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்.

அவன் முறை வந்தபோது வெந்நீர் தீர்ந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது.

அண்ணி சிரித்துக்கொண்டே அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி, வாளியில் ஊற்றிக் கொண்டுவந்து கதவைத் தட்டினாள்.

“கதவைத் திற துரை, வெந்நீர் வெச்சிருக்கேன். சீக்கிரம் குளிச்சிட்டு வந்து காரை எடு. எனக்கு நேரமாகுது.”