ஆசீருக்குப் பசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு, ஐப்பசி மாதத்தின் கடைசியில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் நான் சிங்கப்பூரிலிருந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். ஆட்டோ வண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்தபோது தாமிரபரணி செந்நிறமாகப் பெருகி ஓடியது. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குலுங்கியது. நான் சேலைக்குள் கைகளைக் குறுக்கே கட்டி என் மார்பைத் தாங்கிக்கொண்டேன். தையல் பிரித்த இடங்கள் இன்னும் முழுமையாக ஆறியிருக்கவில்லை.

நான் சென்ற காரியத்தை எழுதுவதற்கே என் கை கூசுகிறது. என் மார்பகங்களின் அளவைக் குறைத்துக்கொள்வதற்காகவே நான் கடல் கடந்தேன். பதினைந்து ஆண்டுகளாக உள்ளாடையின் பட்டைகள் என் தோள்களில் விரல் பதியும் அளவிற்குப் பள்ளம் பறித்திருந்தன. நான் பெண்கள் பள்ளியொன்றில் தையல் ஆசிரியை. குனிந்து துணி வெட்டினால் முதுகு நிமிர அரைமணி நேரம் ஆகும். ஒருநாள் பேருந்தில் எவனோ ஒருவன், “யூனிஸ் டீச்சருக்கு மட்டும் ரெண்டு டிக்கெட் போடும்வே” என்றான். நடத்துநரும் சிரித்தார். அதே பேருந்தில் வந்த என் மாணவிகள் இருவரும் சிரித்தனர். அன்று மாலையே சிங்கப்பூரில் செவிலியாக இருந்த என் அக்காள் எமிமாளுக்குக் கடிதம் எழுதினேன்.

அக்காள் எல்லா ஏற்பாடுகளையும் செய்தாள். பின்னாளில் பால் கொடுக்க இயலாமல் போகலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். முப்பத்திரண்டு வயதாகியும் மணமாகாத எனக்கு அதனால் என்ன இழப்பு என்று எண்ணிக் கையொப்பமிட்டேன்.

ஊரில் மட்டும் வேறொரு காரணத்தைச் சொல்லியிருந்தேன். அக்காளுக்குப் பிரசவம், துணைக்குச் செல்கிறேன் என்றேன். எமிமாளுக்கு மணமாகி எட்டு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை என்பதை ஊரே அறியும். ஆதலால் ஊரே மகிழ்ந்தது. இந்தப் பொய்யை அக்காள் மட்டுமே அறியாள்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ஞானப்பூ மதினி காத்திருந்தார். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பிள்ளையின் புகைப்படத்தைக் கேட்டார்.

என்னிடம் புகைப்படம் இல்லை. ஒரு பொய்யைக் காக்க வேறு வழியும் தோன்றவில்லை.

“மூணாம் நாளே தவறிட்டு, மதினி.”

அவர் என்னை இறுகக் கட்டித் தழுவினார். காயங்கள் நசுங்கின. வலி பொறாமல் நான் வாய்விட்டு அலறினேன். அந்த அலறலைக் கேட்டுத் தெருப் பெண்கள் ஓடி வந்தனர். எல்லோரும் அதைத் துக்கம் என்றே எண்ணினர்.

மாலையில் உபதேசியார் சுவிசேஷமுத்து ஆறுதல் ஜெபம் செய்ய வந்தார். எங்கள் சபையில் பெயர் சொல்லாமல் ஜெபிக்கும் வழக்கம் இல்லை. வேதாகமத்தைத் திறந்தவர், பிள்ளைக்கு என்ன பெயரிட்டார்கள் என்று கேட்டார். பாயில் அமர்ந்திருந்த பெண்கள் அனைவரும் என் முகத்தைப் பார்த்தனர்.

“ஆசீர்” என்றேன்.

அது எனக்குச் சொந்தமான பெயர் அன்று. மணமான புதிதில் எமிமாள் தன் முதற்பிள்ளைக்கென எண்ணி, என் காதில் மட்டும் சொல்லிவைத்த பெயர். எட்டு ஆண்டுகளாக அவள் அதை இரண்டாம் முறை உச்சரித்ததில்லை. மறு ஞாயிறு ஆராதனையில், மரித்தோர் வரிசையில் அதனை வாசித்தார்கள்.

அன்று பிற்பகல் உணவுக்குப்பின் படுத்திருந்தேன். மழை விட்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் நீரின் ஓசைக்கு இடையே வேறோர் ஓசை கேட்டது.

எதையோ சப்பும் ஓசை.

பூனையாக இருக்கலாம் என்று கண்களை மூடினேன். அப்பொழுது என் நெஞ்சின்மீது இளஞ்சூடான ஒரு பாரம் ஏறியது. அது இடப்பக்கத்துத் தழும்பைத் தடவித் தேடியது. பின்பு வலப்பக்கம் நகர்ந்தது.

கிடைக்கவில்லை.

மீண்டும் இடப்பக்கம்.

அதன்பின் அது அழத் தொடங்கியது. மெல்லிய, வறண்ட, பசித்த அழுகை.

எழுந்தபோது அறையில் எவரும் இல்லை. என் இரவிக்கையின் முன்புறத்தில் மட்டும் வட்டமாக இரண்டு ஈரங்கள் இருந்தன. முகர்ந்தேன். மணமற்ற நீர், எச்சில் போல. அன்றுமுதல் ஒவ்வொரு பிற்பகலும் அது வந்தது. கொடியில் வெயிலில் காய்ந்த இரவிக்கைகளிலும் அவ்விரு வட்டங்கள் மட்டும் உலரவில்லை.

கார்த்திகை முடிவில் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு எமிமாள் வருகிறாள்.

அவள் வந்து இறங்கினால் ஊரே அவளைக் கட்டிக்கொண்டு அழும். அதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஞானப்பூ மதினியின் வாசல்வரை மூன்று முறை சென்றேன். மூன்று முறையும், அக்காளுக்குத் துணையிருந்து நான் இளைத்துப் போனேன் என்று அவர் வருந்தினார். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினேன். அக்காளுக்கு எழுதிய கடிதத்தையும் கிழித்துப்போட்டேன்.

எமிமாள் வந்த நாளில் எனக்கு முன்பாக மதினியே ஓடிச் சென்று அவளைத் தழுவினார்.

“ஆசீரத் தூக்கிட்டு வருவன்னுல்லா இருந்தோம், எமிமா.”

அக்காள் மதினியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திய பின்பே கேட்டாள்.

“ஏட்டி, அந்தப் பேர யாரு சொன்னது?”

அவள் காலடியில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“எனக்குன்னு அந்தப் பேரு ஒண்ணுதான் இருந்துச்சு” என்றாள் மெதுவாக. “அதையும் சாகடிச்சுட்டியே.”

பிற்பகலில் அவள் என் அறையில் சென்று படுத்தாள். நான் அடுக்களையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்த நேரத்திற்காக அஞ்சிக் காத்திருந்தேன். சப்பும் ஓசை கேட்கவில்லை. அழுகையும் கேட்கவில்லை. தாலாட்டு கேட்டது.

கதவிடுக்கின் வழியே பார்த்தேன். எமிமாள் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். அவளுடைய கைகள் வெறுமையாக வளைந்திருந்தன. ஆனால் முழங்கையின் மடிப்பில் சேலை ஒரு சிறு தலையின் அளவிற்குக் குழிந்திருந்தது.

“சத்தம் போடாத” என்று கிசுகிசுத்தாள். “இப்பந்தான் ஒறங்குதான்.”

அவள் இருந்த பதினான்கு நாட்களும் என் இரவிக்கைகள் உலர்ந்தன. தை பிறக்கும் முன் அவள் புறப்பட்டாள். இரயில் பெட்டியில், ஒரு கையால் எதையோ அணைத்தபடி, மறு கையால் மட்டுமே என்னிடமிருந்து பையை வாங்கினாள். இருவருமாகச் சென்றுவிட்டனர் என்று எண்ணி, வெட்கமின்றி அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

நேற்று அவளுடைய கடிதம் வந்தது. நலம் விசாரிக்கும் சொல் ஒன்றும் அதில் இல்லை.

“விமானத்தில் என் மடியில்தான் இருந்தான். இங்கே வந்த மூன்றாம் நாள் முதல் காணவில்லை. என்னிடத்தில் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலும். அங்கே வந்தால் பட்டினி போடாதே, யூனிஸ்.”

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைக்குச் சென்றேன். நல்ல வெயில். கொடியில் எல்லாத் துணிகளும் மொடமொடவென்று காய்ந்திருந்தன. என் இரவிக்கையில் மட்டும் வட்டமாக இரண்டு ஈரங்கள்.

முகர்ந்து பார்த்தேன்.

இம்முறை அது எச்சில் அன்று. பால்.