ஆளில்லாத ஆக்சிலேட்டர்

போன் அலறியது!

உதிரி பாகக் கடைக் கல்லாவில் இருந்த வேதகிரி திரையைப் பார்த்தான். பார்த்த கண் பார்த்தபடி நின்றது.

'மோகன்குமார்' என்றது திரை.

மோகன்குமார் செத்துப் போய் ஒரு மாதம். அவனுடைய போனும் அவனோடு உத்திரமேரூர் ஏரிக்குள் போனது, அகப்படவே இல்லை.

"ஹ... ஹலோ?"

மோட்டார் சைக்கிளின் எஞ்சின் சத்தம் மட்டும். ஏறவில்லை, இறங்கவில்லை. மனிதக் கை முறுக்கினால் சத்தம் சற்றேனும் அலையும். இது அலையாத சத்தம்!

அப்படி ஓட்டத் தெரிந்தவன் ஒருவன்தான். அவனை எரித்தாகிவிட்டது.

கொரியர் வேலையில் மணிக்கட்டு வீங்கிப்போன மோகன்குமார், மிதிக்காமலே வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும் கார்க்காரர்களின் க்ரூஸ் கன்ட்ரோலை நூறு ரூபாய்க்குள் கொண்டுவரக் கிளம்பினான். துணி கிளிப்பில் ஆரம்பித்தான். சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிப் பார்த்தான். தண்ணீர் மோட்டாரின் ரப்பர் வளையத்தில் வெற்றி கண்டான். கைப்பிடியில் மாட்டித் தள்ளினால் ஆக்சிலேட்டர் வைத்த இடத்தில் நிற்கும். அழுத்தித் திருப்பினால் விடுபடும்.

அந்த வளையத்தைத் தன் பெயரில் விற்கவேண்டும் என்று வேதகிரி கேட்டான். மோகன்குமார் சிரித்தபடி மறுத்தான்.

வேதகிரி வளையத்தின் உட்புறம் பசை தடவினான். ஏரிக்கரை வளைவில் ஆக்சிலேட்டர் விடுபடவில்லை. வண்டி நேராகத் தண்ணீருக்குள் பாய்ந்தது.

முதலில் குதித்தவன், பின்னாலேயே வந்த வேதகிரி. காப்பாற்ற அல்ல... வளையத்தை அறுத்து எறிய!

விபத்து என்று எழுதி மூடினார்கள்.

"மொதலாளி..."

வாசலில் ஏசுதாஸ். நடவு வேலையிலிருந்து திரும்புகிறவன், முழங்கால்வரை சேறு. முகத்தில் ரத்தமில்லை.

"இன்னாய்யா, பேயறைஞ்சா மாரி கீற?"

"மெய்யாலுமே அறைஞ்சிச்சு மொதலாளி! ஏரிக்கரமேல மோகன் வண்டி நிக்குது. பின்சக்கரம் விர்ருனு சுத்திக்கினு கீது... ஆளே இல்ல!"

"எவனாச்சும் ஒண்ணுக்குப் போயிருப்பான்."

"ஒண்ணுக்குப் போறவன் ஆக்சிலேட்டர முறுக்கி வெச்சுட்டாப் போவான்? கைப்பிடி தானா முறுக்கிக்கினு நிக்குது! ஏசப்பானு கத்திக்கினு ஒரே ஓட்டம்!"

"சரக்கு கிரக்கு..."

"காத்தாலேர்ந்து நாஷ்டாவே உள்ள போவல. சரக்கு எங்கேர்ந்து போவும்?"

மறுபடி போன். அதே பெயர். அதே எஞ்சின். இம்முறை அதற்குள் அமுங்கிய ஒரு குரல்... ஆணா பெண்ணா என்று தெரியாத குரல்...

"கரைக்கு... வா..."

வேதகிரி கடையைப் பூட்டவில்லை. போகாமலிருக்க அவனால் முடியவும் இல்லை.

ஏரிமேல் மேகம் தாழ்ந்து கிடந்தது. ஈ காக்கை இல்லை. மோகன்குமார் பாய்ந்த அதே வளைவில், சென்டர் ஸ்டாண்டில் அவன் வண்டி. சக்கரம் சுழன்றது. கைப்பிடியில் கறுப்பு வளையம்...

அவன் அறுத்து எறிந்த வளையம்!

வேதகிரி வண்டியின் முன்னால் மண்டியிட்டான்.

"மோகா! வேணாண்டா! பசை தடவுனது நான்தான்டா! நீ தண்ணில கைய நீட்டுன... நான் வளையத்ததான்டா புடிச்சேன்! உட்டுட்றா என்ன!"

எஞ்சின் சத்தம் இம்மியும் மாறவில்லை.

கரைச்சரிவிலிருந்து இருவர் ஏறி வந்தார்கள். முன்னால் மோகன்குமாரின் மனைவி திலகா, கையில் வண்டியைப் படம் பிடித்தபடி போன். பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் பரிமளா.

வேதகிரி எழுந்தான். பயம் வடிந்த இடத்தில் வன்மம் ஏறியது.

"ஓ... பேய் நாடகமா? நல்லாத்தான் வலை விரிச்சுகிறீங்க மேடம்!"

பரிமளா விழித்தார்.

"வலையா? ரோந்து ஓட்டி ஓட்டி என் மணிக்கட்டு பேஜாரா கீது. திலகா வளையம் விக்கப் போறேன்னாங்க. வாங்கலாம்னு வந்தேன்யா!"

"அப்ப... அவன் நம்பரு?"

"பேங்க் ஓடிபி அந்த நம்பருக்குத்தானே வருது? டூப்ளிகேட் சிம் வாங்கினேன்." திலகா போனை இறுகப் பிடித்தாள். "ஏரிலேர்ந்து எடுத்த வண்டிய ரிப்பேர் பண்ணேன். அவரு செஞ்ச இன்னொரு வளையம் வூட்ல இருந்திச்சு. எவ்ளோ நேரம் நிக்குதுனு வீடியோ எடுத்துக்கினு இருந்தோம். உங்களையும் கூப்பிடலாம்னு போன் அடிச்சேன். மேல நின்னா வண்டி சத்தம்... கீழ எறங்கினா டவரு இல்ல."

"என்ன எதுக்குக் கூப்பிட்ட?"

"மொதல்ல தண்ணில குதிச்சது நீங்கதானேண்ணா? அந்த நன்றிக்கு... வளையத்த உங்க பேர்லயே எழுதிக் குடுத்துடலாம்னு இருந்தேன்."

வேதகிரி பேசியது அனைத்தும் அவள் கையிலிருந்த வீடியோவில் இருந்தது.

பரிமளா ஓயாத வண்டியை ஒரு முறை பார்த்தார். அவனை ஒரு முறை பார்த்தார்.

"நல்ல சாமான்தான்யா... ஆக்சிலேட்டர்ல மாட்டுனத உன் வாயில மாட்டியிருந்தா, இந்நேரம் கம்பெனி மொதலாளி ஆயிருப்ப!"