ஐந்தாவது கோடு

ரப்பர் தோட்டத்துக் கங்காணி சன்னாசி மண்டோரின் பிணம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது.

முதுகில் ஒரு புல்லரிவாள்.

மாட்டுக்காரன் காளியண்ணனின் அரிவாள்!

கலும்பாங்கிலிருந்து ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் பெர்னாட் பிணத்தைப் பார்த்தார். பிறகு காளியண்ணனைப் பார்த்தார். 1952. மலாயாவில் அவசரகாலச் சட்டம். காட்டுக்காரர்களின், அந்தக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் ஆள் என்று ஒரு வரி எழுதினால் போதும்... கயிறுதான்.

"காலையில எங்கடா இருந்தே?"

"செவலை மாட்டைக் காணோம்னு ரப்பர் மரத்துக்குள்ள தேடிப் போனேங்க. அரிவாளைக் கொட்டகையில செருகிட்டுத்தான் போனேன்."

"யாரு பார்த்தா?"

"செவலைதாங்க பார்த்துச்சு."

கூட வந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். பெர்னாட் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கனகலிங்கம் முன்னால் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்தில் மப்ளர்.

"இவனுக்கும் மண்டோருக்கும் எந்த நாளும் சண்டைதான், இன்ஸ்பெக்டர்."

"மண்டோர் செத்தது எட்டு மணி இருக்கும். நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டிலதான். காய்ச்சல். மனுசியும் ஊரில இல்லை. ஏழு மணி தொடக்கம் பத்து மணி மட்டும் குசினியிலதான் நிண்டனான். கஞ்சி, பிறகு கசாயம்... அடுப்பு அணையவே இல்லை."

பெர்னாட் விலங்கை எடுத்தார். காளியண்ணன் கையை நீட்டினான். கண் மட்டும் சாணிக் குழிப் பக்கம் போனது.

கிராணி இரண்டு வருடமாக மார்தட்டிக்கொள்ளும் குழி அது. சாணியைக் கரைத்து ஊற்றினால் வாயு கிளம்பும். மேலே கவிழ்த்த இரும்பு டிரம்மைத் தூக்கும். குழாய் வழியே போய்க் கிராணி வீட்டு அடுப்பில் எரியும். எரிய எரிய டிரம் இறங்கும். துரைக்கு விளக்கிக் காட்ட, டிரம்மில் ஐந்து வெள்ளைக் கோடுகளைக் கிராணியே போட்டிருந்தார்.

"ஐயா... அடுப்பு ஒரு மணி நேரம் எரிஞ்சா ஒரு கோடு முங்கும். கிராணி ஐயாவே தொரைகிட்ட சொன்னது."

"அதுக்கு?"

"அஞ்சு கோடும் வெளியவே நிக்குதுங்க."

பெர்னாட் திரும்பினார். ஒன்று... இரண்டு... ஐந்து!

"பிறகு வாயு ஊறியிருக்கும்," என்றார் கிராணி.

"ஒரு கோடு எழும்ப ஒரு பகல் போவுங்க. இன்னிக்குச் சாணி இன்னும் ஊத்தவே இல்ல. அந்தா, கூடையில கெடக்கு."

"ஓ... மறந்துபோனன். விறகடுப்பிலதான் காய்ச்சினனான்."

பெர்னாட் நேரே கிராணியின் குசினிக்குள் போனார். சுவரை விரலால் தேய்த்தார். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மூணு மணி நேரம் விறகு எரிச்சு ஒரு பொட்டுக் கரி இல்ல. என்ன கதை லா இது?"

குனிந்து அடுப்பு மேடைக்கு அடியில் பார்த்தார். விறகு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று மூட்டை ரேஷன் அரிசி!

கனகலிங்கம் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காட்டுக்காரருக்கு அரிசி விக்கிறதைச் சன்னாசி கண்டுட்டான்... பொலிசில சொல்லப்போறன் எண்டவன்..."

விலங்கு அவர் கையில் ஏறியது.

வாசலில் நின்ற காளியண்ணனுக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொண்டான். பெர்னாட் நோட்டைத் திறந்தார்.

"சாட்சி யாரு யாருன்னு சொல்லுப்பா."

"சாணி போட்ட பதினோரு மாடுங்க ஐயா. பேரு சொல்றேன், எழுதிக்குங்க. மொதல்ல செவலை."