ஒரு தட்டுன்னா நில்லு

பீன்யா தொழிற்பேட்டையில் அந்த வண்டி கழுவும் மெஷின் கம்பெனியைக் கண்டுபிடிப்பதற்குள் ஆஞ்சலாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த ஏரியாவில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அதே தகர ஷெட், அதே லாரி, அதே சேறு. மூன்றாவது சுற்றில்தான் ஷட்டருக்கு மேலே நீலப் பலகை கண்ணில் பட்டது. மத்தியானம் மூணு மணிதான், ஆனால் மழை மேகம் கவிந்து ஷெட்டுக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே சோப்பு நுரை வாசனை. பதினெட்டு வருஷமாக அந்த வாசனையில்தான் அவள் சோறு தின்றிருக்கிறாள்.

சேல்ஸ்மேன் சேஷகிரி சிரித்துக்கொண்டே வந்தார். "பெல்ட் பிரஷ் வேணாமா மேடம்? உங்க லிங்கராஜபுரத்துல எல்லாரும் அதான் போடறாங்க."

"வேணாம். கை படாம, துணி படாம, ஒண்ணும் படாம கழுவறதைக் காட்டுங்க."

"போர்வெல் தண்ணியா? உப்பு இருந்தா துடைக்காம காய வெச்சா வெள்ளை வெள்ளையா கறை விழும். தனியா சாஃப்ட்னர் போடணும்."

"போட்டுக்கறேன்." அவள் கேட்க வந்ததே வேறு. "வண்டிக்குப் பின்னால ஆள் நின்னா என்ன ஆகும்?"

"மெஷின் முதல்லயும் கழுவி முடிச்சப்புறமும் வண்டி நீளத்தை அளக்கும். எக்ஸ்ட்ரா ஏதாவது நின்னா சிவப்பு லைட்டுதான். பச்சை வராது. பச்சை வராம வண்டி நகரக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வீட்டுக்காரர் வரல்லியா மேடம்?" என்றார்.

"இல்ல."

அவர் அதை 'வரவில்லை' என்று எடுத்துக்கொண்டார். ஆஞ்சலாவும் திருத்தவில்லை. எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

விஷயம் இதுதான். அவர்கள் நடத்திய வாட்டர் சர்வீஸில் பம்பு ஓடும்போது காது கிழிகிற சத்தம், கத்தினாலும் கேட்காது. அதனால் கையால் வண்டியைத் தட்டித்தான் பேசுவார்கள். ஒரு தட்டுன்னா நில்லு. ரெண்டு தட்டுன்னா போ. ஆஞ்சலாவும் அவள் புருஷன் மதலைமுத்துவும் ஒரு நாளில் பேசிய பேச்சில் பாதி அந்தத் தட்டுதான். போன வருஷம் ஒரு வேன். முத்து பின்னால் குனிந்து நம்பர் பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் நகர்ந்துவிட்டான் என்று நினைத்து, பார்க்காமலே, முன்னால் நின்ற ஆஞ்சலா பானெட்டில் ரெண்டு தட்டுத் தட்டினாள். டிரைவர் ரிவர்ஸ் போட்டான்.

தட்டியது அவள் கை. டிரைவரை ஊரே திட்டியது. அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவம் பொம்பளை என்று விட்டுவிட்டார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. இனிமேல் தன் ஷெட்டில் எந்த மனுஷனும் எந்த வண்டிக்குப் பின்னாலும் குனியக் கூடாது. மெஷின் வாங்க வந்த காரணமே அவ்வளவுதான்.

"டெமோ உங்க வண்டியிலயே பாத்துடுங்க," என்றார் சேஷகிரி.

முத்து ஆசைப்பட்டு வாங்கிய பழைய சின்ன கார் அது. உள்ளே விட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே, வெளியே போகிற வழிக்கு மேலே ஒரு திரை. அதன் மேலே சிவப்பு, பச்சை விளக்குகள். மேலே தண்டவாளத்தில் இரும்புக் கை ஒன்று வண்டியைச் சுற்றி வந்தது. நுரை இறங்கியது. முன் கண்ணாடி வெள்ளை, பக்கக் கண்ணாடி வெள்ளை. வெளியே யாருமே இல்லாத மாதிரி இருந்தது. வீட்டிலும் அப்படித்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது.

தட்.

ஒன்றே ஒன்று. டிக்கியின் மேல், உள்ளங்கையால்.

இன்னொன்றுக்குக் காது கொடுத்தாள். இரண்டாவது வரவில்லை. தண்ணீர் அடித்து நுரை வழிந்ததும் திரை தெரிந்தது. வண்டி மூணரை மீட்டர். திரை நாலு மீட்டர் காட்டியது. சிவப்பு எரிந்தது.

சேஷகிரி டார்ச்சோடு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பின்னால ஏதாவது கட்டியிருக்கீங்களா மேடம்?"

"இல்லியே."

ரீசெட் செய்தார். நாலு மீட்டர். மறுபடி செய்தார். நாலு மீட்டர்.

"சே! இப்படி ஆனதே இல்ல மேடம். விடுங்க, சென்சார் இல்லாத மாடல் ஒண்ணு இருக்கு, அதுல இந்தத் தொந்தரவே கிடையாது."

"இதுதான் வேணும்," என்றாள் ஆஞ்சலா.

கோளாறு காட்டுகிற மெஷினை அடம்பிடித்து வாங்குகிற முதல் ஆளை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

ரெண்டு மாசத்தில் லிங்கராஜபுரம் ஷெட்டில் மெஷின் ஏறியது. வாடிக்கைக்காரர் வண்டிக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை. அளவு சரி, பச்சை சரி. சாயங்காலம் மாதா கோயில் மணி அடித்ததும் ஆஞ்சலா தன் காரை உள்ளே விடுவாள். ஒரு தட்டு. நாலு மீட்டர். சிவப்பு. அவள் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன குழம்பு என்று சொல்வாள். பிறகு இறங்கிப் போய், பின்பக்கம் திரும்பாமல், மெயினை அணைத்துவிட்டு வண்டியை முன்பக்கமாக எடுத்துக்கொண்டு போவாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க ஒரு பூனைகூடக் கிடையாது.

கல்லறைத் திருநாள் அன்று முத்துவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே ஷெட்டுக்கு வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நுரை இறங்கியது.

தட்.

அன்றைக்கு அவளால் முடியவில்லை. உடைந்துவிட்டாள்.

"நான்தான்யா தட்டுனேன். நீ பின்னால இருக்கியான்னு பாக்காம தட்டிட்டேன். எத்தனை நாளைக்கு யோவ் அங்கயே குனிஞ்சு நிப்ப? ஈரத்துல நிக்காத. உள்ள வா. வந்து உக்காரு."

மெஷின் நின்றது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

திரையில் நாலு இருந்தது.

பிறகு மூணரை ஆனது.

பச்சை விளக்கு எரிந்தது. முதல் தடவை.

எந்தக் கதவும் திறக்கவில்லை. ஆனால் வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது, ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழுமே, அந்த அளவுக்கு. பின்சீட்டின் ரெக்சின் கிறீச்சிட்டது. சோப்பும் ஈரத்துணியும் கலந்த வாசனை கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இஞ்சினைக் கிளப்பினாள். கியரைப் போட்டாள்.

"போலாமாய்யா?" என்று கிசுகிசுத்தாள்.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது. தண்ணீரிலேயே ஊறி ஊறிச் சுருங்கிப்போன கை.

தட்.

இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. தெருவில் ஒரு ஆட்டோ போனது. மழை வலுத்தது.

இரண்டாவது வரவில்லை.

"சரிய்யா," என்றாள் ஆஞ்சலா. "நான் எங்கயும் போகல."

சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தாள். ரவிக்கை நனைந்து தோள் சில்லிட்டது. கை அங்கேயே இருந்தது.